அப்பாவின் புல்லட்டை வெட்டாதே

காங்கயம்,
ஆவணி 12.

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மஞ்சளுக்கு இரண்டாம் களையும் எடுத்து முடித்ததையும், கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதையும் படித்து மகிழ்ந்தேன். இங்கே ஆடிக் காற்று இன்னும் அடங்கவில்லை. மாடு மேயும் கொறங்காடெல்லாம் ஒரு நல்ல மழைக்குக் காய்ந்து கிடக்கிறது. மற்றபடி வீட்டில் அனைவரும் நலம்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது என் வண்டி பாறை ஏறுவதைப் பார்த்த அன்றே உனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது எனக்குத் தெரியும். ஆனால் அதற்காகத் தோட்டத்துச் சாளையில் நிற்கும் உன் அப்பாவின் புல்லட்டைப் பிரித்து, மட்கார்டுகளை வெட்டி, பாறையையும் பள்ளத்தையும் கால் ஊன்றாமல் கடக்கும் போட்டிக்கான டிரையல்ஸ் வண்டியாக மாற்றப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதற்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். 1970-களின் தொடக்கத்தில் திருவொற்றியூரில் செய்த அந்த வண்டியில், டேங்க் முதல் டூல்பாக்ஸ் வரை எல்லாமே கம்பெனியில் பூட்டியபடியே இருக்கின்றன, ஆர்.சி. புத்தகமும் உன் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. முதற்பதிவு செய்து ஐம்பது ஆண்டுகள் கடந்து, அமைப்பில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளை விண்டேஜ் வண்டிகளாகப் பதிவு செய்துகொள்ள மத்திய அரசு 2021-ல் விதி கொண்டுவந்துவிட்டது. ஏற்கெனவே பதிவுள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். மட்கார்டில் ரம்பத்தை வைத்த நிமிடமே இந்த வாய்ப்பு உன் கையை விட்டுப் போய்விடும். அதோடு, ஆர்.சி.யில் உள்ள அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது; ஆகவே நீ மாற்றிய வண்டியைக் கோபி கடைவீதிக்குக் கூட ஓட்டிப் போக முடியாது. டிரையல்ஸ் வண்டி சொந்தக் காட்டில் ஓட்டுவதற்கு மட்டும்தான். அதற்கு ஒரு முழு வண்டியைப் பலி கொடுப்பது என்ன நியாயம்? உதிரியாகக் கிடக்கும் சேசிஸும் இன்ஜினும் தேடிப் பிடித்துத் தொடங்கு. என் வண்டி அப்படிப் பிறந்ததுதான்.

புல்லட் இதற்குப் பொருந்துமா, அல்லது ராஜ்தூத் போல எடை குறைந்த டூ ஸ்ட்ரோக் வண்டியைத் தேட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறாய். நம் ஊரில் புல்லட் என்றால் மிராசுதாரரும் போலீஸ்காரரும் ஓட்டும் வண்டி என்று பெயராகிவிட்டது. ஆனால் பின்புறம் ஸ்விங் ஆர்ம் வைத்த அந்த வண்டியின் முன்மாதிரியை ராயல் என்ஃபீல்டு 1948-ல் முதன்முதலாக இறக்கிக் காட்டியதே இங்கிலாந்தின் கோல்மோர் டிரையல் போட்டியில்தான். ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல் போட்டியை ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் வென்றது 350 சி.சி. புல்லட்டில்தான். 1965-ல் சாமி மில்லர் ஸ்பெயின் நாட்டு பல்டாகோ டூ ஸ்ட்ரோக்கில் அதே போட்டியை வென்ற பிறகு கனமான ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் முடிந்தது என்பதும் உண்மை. போட்டியில் ஜெயிப்பதுதான் நோக்கமென்றால் எடை குறைந்த வண்டியைத் தேடு. ஆனால் உதிரிப் பாகத்துக்கு அலையாமல், உள்ளூர்ப் பட்டறைகளில் செய்துகொள்ளக்கூடிய பழைய வண்டி வேண்டுமென்றால் வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த புல்லட்டுக்கு நிகர் நம் பக்கத்தில் வேறில்லை.

இந்த விளையாட்டில் வேகத்துக்கு மதிப்பே கிடையாது. பாறையும் பள்ளமும் மணலும் உள்ள ஒரு சிறு பகுதியைக் குறித்துக் கொடுப்பார்கள். அதைக் கால் ஊன்றாமல் கடந்தால் பூச்சியம், ஒரு முறை ஊன்றினால் ஒரு புள்ளி, இரண்டு முறைக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் மூன்று, கடக்க முடியாமல் போனால் ஐந்து. குறைந்த புள்ளி வாங்கியவர் வெற்றியாளர். ஆகவே வண்டி நடக்கிற வேகத்தில், அணையாமல், துள்ளாமல், சொன்ன இடத்தில் சக்கரத்தை வைக்க வேண்டும். கையில் இருக்கும் பணத்தில் ஒவ்வொரு ரூபாயையும் எடுக்கும்போது, அது இந்த நடைவேகத்துக்கு உதவுமா என்று மட்டும் கேள். உதவாதென்றால் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

உதிரிகளுக்குக் கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தொடங்கலாம். திருப்பூர், ஈரோடு மெக்கானிக்குகளின் கொல்லைப்புறங்களிலும் கிடைக்கும். எங்கே வாங்கினாலும் விற்பவரிடம் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் எழுதிய ரசீதைக் கையெழுத்துடன் வாங்கிக்கொள். திருட்டு வண்டியின் பாகம் நம் வீட்டில் இருக்கக் கூடாது. சேசிஸில் ஹேண்டில் குழாயும் முன்குழாயும் சேரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி விரிசல் பார். இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸ் உடையாமலும், ஒட்டு வேலை இல்லாமலும் இருந்தால் போதும், மற்றதெல்லாம் செய்துகொள்ளலாம். அந்தக் காலத்து புல்லட்டில், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் ரோலர் பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ்தான் இருக்கும். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது ராடை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் தேய்மானம் விரலிலேயே தெரிந்துவிடும். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து போரிங் போடுவதாக இருந்தால் பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொடுத்து, அதன் அளவுக்குத்தான் போடச் சொல்ல வேண்டும். அளவை வாயால் சொன்னால் போதும் என்று ஒரு பட்டறைக்காரர் உறுதியளித்து, நல்ல சிலிண்டர் ஒன்றை வீணாக்கி என்னிடம் கொடுத்தார்.

அடுத்தது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர். நேரமும் பொறுமையும் அதிகம் கேட்பது இதுதான், செலவோ மிகக் குறைவு. 70 மி.மீ. போரும் (சிலிண்டர் விட்டம்) 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட இந்த இன்ஜினின் கனமான ஃப்ளைவீல், மெதுவாக ஓடுவதற்கென்றே அமைந்தது. அப்படியிருந்தும் பெரும்பாலான வண்டிகள் ஸ்லோவில் நிற்காததற்குக் காரணம் காற்றுக் கசிவு. போல்ட்டை இறுக்கி இறுக்கியே கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் தட்டை முகமான ஃபிளேஞ்ச் வளைந்து போயிருக்கும். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் நைஸ் எமெரித் தாளை விரித்து, எண்ணெய் விட்டு, ஃபிளேஞ்சை எட்டு வடிவில் தேய்த்துப் பார். முதலில் இரண்டு காதுகளின் ஓரம் மட்டும் பளபளக்கும், நடுப்பகுதி கறுப்பாகவே நிற்கும். முழு முகமும் ஒரே நிறத்துக்கு வரும்வரை தேய்க்க வேண்டும். 24 மி.மீ. மிக்கார்ப் கார்புரேட்டர் போதும்; பெரிய கார்புரேட்டர் மாட்டினால் இழுவை கூடும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடு. வாய் சிறிதாக இருந்தால்தான் குறைந்த சுற்றிலும் காற்று வேகமாக ஓடிப் பெட்ரோலை இழுக்கும்.

அதற்குப் பிறகும் ஸ்லோ ஏறி இறங்கினால், தீப்பொறி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் பாயிண்ட் தட்டைக் கழற்றி அடியில் பார். அங்கே இரண்டு எடைத் துண்டுகளும் அவற்றை இழுத்துப் பிடிக்கும் சின்ன ஸ்பிரிங்குகளும் இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால், சுற்று குறையும்போது எடைகள் முழுதாக உள்ளே திரும்பாமல் நின்றுவிடும்; தீப்பொறி முன்கூட்டியே விழும்; கிக்கர் காலை உதைக்கும். புது ஸ்பிரிங் போட்டு, பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்துவிடு.

கியர் விகிதத்துக்கு மட்டும் கோவைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். நான்கு கியர் உள்ள ஆல்பியன் பெட்டியை நீ தொட வேண்டாம். எனக்குக் கிடைத்ததில் செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட் முன்னால் 17 பல், பின்னால் 38 பல் இருந்தது. இந்தக் கணக்கில் முதல் கியரில் கிராங்க் பதினான்கு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். ரோட்டுக்கு அது சரி. பாறை மேல் ஏறும்போது அதே விகிதத்தில் கிளட்சைப் பிடித்துப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டிவரும், பிளேட்டுகள் கருகிவிடும். நான் முன்னால் 16 ஆகவும் பின்னால் 46 ஆகவும் மாற்றினேன். இப்போது ஏறத்தாழ பதினெட்டுச் சுற்றுக்கு ஒரு சுற்று. பின் ஸ்பிராக்கெட் பிரேக் டிரம்மோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருப்பதுதான் இதில் சிக்கல். கடைசல் பட்டறையில் பழைய பற்களை முழுவதும் கடைந்து எடுத்து, இ.என்.8 எஃகுத் தகட்டில் வெட்டிய 46 பல் வளையத்தை அதன் மேல் அமர்த்தி, போல்ட் போட்டு முடுக்க வேண்டும். பீளமேடு, கணபதிப் பக்கம் பம்ப்செட் வேலை செய்யும் பட்டறைகளில் இந்த மாதிரி வேலைக்குத் தயங்க மாட்டார்கள். ஒன்றுதானா என்று முதலில் முகம் சுளிப்பார்கள், டிரம்மைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்ததும் அவர்களுக்கே ஆர்வம் வந்துவிடும். புதிய பற்கள் பழைய பற்கள் இருந்த அதே நேர்கோட்டில் நிற்க வேண்டும் என்பதை மட்டும் வற்புறுத்திச் சொல். கொஞ்சம் விலகினாலும் செயின் ஸ்பிராக்கெட்டை அரத்தைப் போல அறுத்துவிடும்.

அதே பட்டறையில் ஸ்விங் ஆர்முக்குக் கன்மெட்டல் புஷ் இரண்டு கடைந்து வாங்கிக்கொள். பம்புக்குப் புஷ் கடையும் கைகளுக்கு இது சின்ன வேலை. புதுப் புஷ் போட்ட பிறகு பின்சக்கரம் பக்கவாட்டில் ஆடுவது நின்றுவிடும். ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன்செட்டையும் விட்டுவிடாதே. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஒரு விரலால் ஹேண்டிலை மெல்லத் தள்ளு; நேர்நிலைக்கு வந்ததும் ஒரு பள்ளத்தில் இறங்கியதைப் போல நின்றால் கிண்ணத்தில் குண்டுகள் தடம் பதித்துவிட்டன என்று பொருள். ரோட்டில் அது தெரியவே தெரியாது. நடைவேகத்தில் நிதானம் பிடிக்கும்போதுதான் வண்டி உன் பேச்சைக் கேட்காமல் முரண்டு பிடிக்கும்.

சக்கரத்துக்கு வருகிறேன். டிரையல்ஸ் வண்டிக்கு முன்னால் 21, பின்னால் 18 அங்குலம் என்பது பழைய மரபு. பின்சக்கரத்தை 18 ஆக்கிவிடு, அகன்ற டயர் அதில்தான் நன்றாக உட்காரும். முன்னால் இருக்கும் 19 அப்படியே இருக்கட்டும். 2019-இல் ராயல் என்ஃபீல்டு புல்லட் டிரையல்ஸ் என்று ஒரு வண்டி விற்றதே, அதிலும் முன்னால் 19, பின்னால் 18 தான். (அந்த வண்டிக்குப் பெயரும் மேலே தூக்கிய சைலன்சரும்தான் டிரையல்ஸ் என்பது என் எண்ணம், அதைப் பற்றி நேரில் பேசுவோம்.) பழைய ரிம் வாங்கும்போது துளைகளின் எண்ணிக்கை உன் ஹப்போடு ஒத்துப்போகிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்கு. என் செலவில் மூன்றில் ஒரு பங்கு டயருக்கும் ரிம்முக்கும் கம்பிக்குமே போனது, அதில் எனக்கு வருத்தமில்லை. மெல்லிய பக்கச்சுவர் உள்ள அசல் டிரையல்ஸ் டயரில் 5, 6 பி.எஸ்.ஐ. காற்றிலேயே ஓட்டுவார்கள்; கடினமான கரட்டு டயருக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைக்கலாம். காற்று இவ்வளவு குறைந்தால் டயர் ரிம்மின் மேல் வழுக்கி நகர்ந்து டியூபின் வால்வைப் பிடுங்கிவிடும். அதனால் ரிம்மில் துளை போட்டு, டயரின் ஓரத்தை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ரிம் லாக் பூட்டாமல் ஓட்டவே கூடாது.

புல்லட்டின் சேசிஸில் இன்ஜினுக்கு அடியில் குழாய் ஏதும் ஓடாது என்பதை நீ கவனித்திருப்பாய். பாறை நேராகக் கிராங்க் கேஸில்தான் மோதும். 6 மி.மீ. அலுமினியத் தகட்டை வளைத்து முன் இன்ஜின் பிளேட்டிலிருந்து பின்பக்கம் வரை கட்டிவிட வேண்டும். எனக்கு இதைத் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிக்கு வெல்டிங் செய்யும் ஒருவர் செய்து கொடுத்தார். ஃபுட்ரெஸ்டைப் பின்னுக்குத் தள்ளி, ஹேண்டிலை உயர்த்தினால் நின்றுகொண்டே ஓட்டும்போது முதுகு வளையாது. கியர் லீவருக்கும் பிரேக் பெடலுக்கும் அதற்கேற்றபடி இணைப்புக் கம்பி செய்ய வேண்டிவரும். சென்டர் ஸ்டாண்டு, டூல்பாக்ஸ், ஹெட்லைட், பெரிய மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றி எடைக்குப் போடாமல் மூட்டை கட்டி வை, வேறொரு வண்டியை முழுதாக்க யாருக்காவது பயன்படும்.

பெயின்டுக்கும் குரோம் பூச்சுக்கும் நான் செலவே செய்யவில்லை. துரு நீக்கி, ரெட் ஆக்சைடு மேல் கறுப்பு அடித்ததோடு சரி. முதல் நாளே பாறை உரசப் போகிற வண்டிக்கு அது போதும்.

புரட்டாசியில் நான் கோவைக்கு ஒரு முறை போக வேண்டியிருக்கிறது. அதற்குள் உனக்கு ஒரு பின் ஹப் கிடைத்துவிட்டால் பஸ்ஸில் போட்டு அனுப்பிவிடு, டிரம்மை நானே பட்டறையில் கொடுத்து வாங்கி வருகிறேன். சேசிஸ் எதையாவது பார்த்து வைத்தால் முன்பணம் கொடுப்பதற்கு முன் படம் எடுத்து அனுப்பு, ஹேண்டில் குழாய்ப் பக்கம் நெருக்கமாக எடு. அப்பாவின் வண்டிக்கு இப்போதைக்கு எண்ணெய் மாற்றி, டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, மாதம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து வா. விண்டேஜ் பதிவுக்கு என்னென்ன காகிதம் தேவை என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு அடுத்த கடிதத்தில் எழுது. இங்கே இன்னொரு நண்பரும் தன் பழைய ஜாவாவுக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் காங்கயத்துப் பங்காளி.