மீதி இரண்டு பெட்டி

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே அம்மா வாங்கிக்கொள்கிறாள். அதனால் தாளிலேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நீ அனுப்பிய சமையலறைப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ்ப் பெட்டி ஐந்தும் ஒரே கோட்டில் நிற்கின்றன. கதவுகளுக்கு நடுவே இடுக்கு மேலிருந்து கீழ் வரை ஒரே அளவு. 41 வருஷம் உளி பிடித்தவன் சொல்கிறேன், என் பட்டறைப் பையன்கள் ஒருத்தனுக்கும் முதல் வேலை இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. தரையில் மேடான இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து மட்டம் எடுத்தேன் என்றாயே, அதை நான் உனக்குச் சொல்லித்தந்ததே இல்லை. பட்டறை வாசலில் உட்கார்ந்து பார்த்தே பிடித்துக்கொண்டிருக்கிறாய்.

ஆனாலும் ஆரம்பிக்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மேல் பெட்டியை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர் செங்கல், பிளக் அடித்தால் பிடிக்கும். எதிர்ச்சுவர் அப்படி இல்லை. உள்ளே மரச்சட்டம், மேலே வெறும் ஜிப்சம் போர்டு. போர்டில் மட்டும் ஸ்குரூ ஏற்றிவிடாதே. தட்டிப் பார், சட்டம் இருக்கும் இடத்தில் சத்தம் கெட்டியாகக் கேட்கும். 40 சென்டிமீட்டருக்கு ஒன்றோ 60-க்கு ஒன்றோ இருக்கும். அரிசி, பருப்பு, கண்ணாடிச் சாமான் எல்லாம் ஏறினால் ஒரு பெட்டி சுலபமாக 40 கிலோ வரும். அத்தை வீட்டில் நடந்ததை நீயும் பார்த்தாய்.

சிங்க்குக்கு வெட்டிய ஓரம் முழுக்க சிலிக்கான் பூசு. அந்தப் பலகை ஒரு தடவை தண்ணீர் குடித்து உப்பினால் மறுபடி சுருங்காது. கேஸ் இணைப்பை நீ தொடவே கூடாது. கேஸ் வேலைக்குப் பதிவு செய்தவர்களுக்கு அங்கே கொடுக்கும் கேஸ் சேஃப் அட்டை வைத்திருப்பவரைக் கூப்பிடு, அட்டையைத் திருப்பியும் பார். எந்தெந்த வேலைக்கு அவருக்குத் தகுதி என்று பின்பக்கம் போட்டிருக்கும்.

மேடை 91 சென்டிமீட்டர் உனக்கு உயரம்தான். வாஷிங் மெஷினே 85, அதனால் இறக்க முடியாது என்றாய், சரி. ஆனால் செங்கல் சுவரில் மேல் பெட்டியை உன் கை எட்டும் அளவுக்கு இறக்கி மாட்டியிருக்கிறாய். மாப்பிள்ளை ஆறடி. அங்கே நின்று குனிந்தால் அவர் நெற்றி இடிக்கும்.

முதல் படத்தில் சுவரில் ஒரு ரீப்பர் கட்டை தெரிகிறது. ரசமட்டம் வைத்து ரீப்பரை அடித்து, பெட்டியை அதன்மேல் உட்காரவைத்துப் பிறகு முடுக்கியிருக்கிறாய். சரியான முறைதான், குறை சொல்லவில்லை. கூட ஆள் வராத நாளில் நானும் அப்படித்தான் மாட்டுவேன். இரண்டு பேர் இருந்தால் ஒருத்தர் தாங்க ஒருத்தர் முடுக்கிவிடலாம், ரீப்பருக்கு அவசியமே இல்லை.

மாப்பிள்ளைக்கு வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். சரி.

ஆடி மாசம் ஒரு ராத்திரி போன் பண்ணினாய். உங்கள் ஊரில் அப்போது சாயந்திரம் இருக்கும். "அப்பா" என்றாய், அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அங்கே மழையா என்று கேட்டேன். இல்லை என்றாய். அம்மாவிடம் கொடுக்கிறேன் என்று போனை நீட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். உன் குரல் சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது பாப்பா. தெரிந்துதான் எழுந்து போனேன். நீ ஏதாவது சொல்லிவிட்டால் என்ன பதில் சொல்வது என்று பயம். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனபோதும் கதவு, நிலை எல்லாம் என்ன மரம் என்று பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, இந்த இடம் உனக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் செய்தது தப்பு. நீ மறுபடி கூப்பிட்டால் போனை யாரிடமும் கொடுக்க மாட்டேன்.

போர்டில் மட்டும் ஸ்குரூ ஏற்றாதே, மறுபடியும் சொல்கிறேன்.

பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், இன்னும் 3 வருஷம் இருக்கிறது. விசாவுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று எழுது. எதிர்ச்சுவர்ப் பெட்டி இரண்டும் நான் வரும்வரை தரையிலேயே இருக்கட்டும்.

அப்பா