வாடகை வீட்டைக் காட்டப் போகுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லடியில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. எனக்கு என்று சொன்னால் மனைவி கோபிப்பார். மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு. மகள் கனடாவில் இருப்பதால் வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்வது நான். போன மாதம் அங்கே நான் செய்த ஒரு வேலையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

குடியிருந்தவர்கள் வீடு விடப்போவதை ஒரு மாதம் முன்னமே சொல்லிவிட்டார்கள். வாடகை ஒரு நாள்கூடப் பிந்தாத ஆட்கள். அடுத்த நாளே புறோக்கர் ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். காலை பத்தரை மணி. கேற் சாத்தியிருந்தது, மோட்டார் சைக்கிளையும் காணவில்லை. ஆளில்லை என்று நினைத்து, என்னிடமிருந்த மாற்றுச் சாவியால் திறந்தேன்.

குடியிருந்த பிள்ளை உள்ளேதான் இருந்தார். அவர் தாதி. இரவுக் கடமை முடிந்து வந்து நுளம்பு வலைக்குள் நல்ல தூக்கம். வந்த அம்மா குசினி அலுமாரியைத் திறந்து பார்க்கிறார். புறோக்கர் கட்டிலையும் கொடியில் காய்ந்த உடுப்பையும் சேர்த்துப் படம் எடுக்கிறார். பிள்ளை திடுக்கிட்டு எழும்பி, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “ஐயா, ஒரு கோல் எடுத்திருக்கலாமே” என்றார். ஏசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். பின்னேரம் அந்தப் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றி, களுவாஞ்சிக்குடியில் இருக்கிற அவருடைய அக்காவுக்கே போய்ச் சேர்ந்துவிட்டன.

நான் தபால் கந்தோரில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். ஒட்டிய கடிதம் ஒன்றைப் பிரித்ததில்லை. பூட்டிய வீட்டைத் திறக்க மட்டும் எனக்குக் கை கூசவில்லை.

தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டேன். நம் நாட்டில் வாடகை விஷயத்துக்கு அடிப்படை, ஒல்லாந்தர் காலத்தில் வந்த ரோமன் டச்சுச் சட்டம். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் அதற்குமேல் வந்தது. வாடகைக் காலம் முடிகிறவரை குடியிருப்பவரை இடையூறில்லாமல் இருக்கவிடுவது வீட்டுக்காரனின் கடமை என்றார். நான் பெருமையாக ஒப்பந்தத்தைக் காட்டினேன். முத்திரை ஒட்டிய ஒற்றைத் தாள். அவர் சிரித்துவிட்டார். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னால் எழுத வேண்டுமென்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறதாம். பூட்டன் காலத்துச் சட்டம், எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கடற்கரைப் பக்க வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் கேற் கறள் பிடித்துவிடும், வளவு பற்றையாகும். போகிறவரை ஒருவரையும் உள்ளே விடமாட்டோம் என்று நிற்கிற ஆட்களையும் கண்டிருக்கிறேன். அதுவும் சரியில்லை.

ஆகவே ஒப்பந்தம் எழுதும்போதே இதையும் எழுதிவிடுங்கள் என்கிறேன். கடைசி ஒரு மாதத்தில், முதல் நாளே போனில் சொல்லி, இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட நேரத்தில், குடியிருப்பவர் நிற்கும்போது வீட்டைக் காட்டலாம். படம் எடுப்பதென்றால் அவர்களிடம் கேட்க வேண்டும். புறோக்கரிடம் சாவி கொடுக்கக்கூடாது. நாலு வரி போதும்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு, சொல்லிவிட்டுத்தான் போனேன். அந்தப் பிள்ளையே புதிய ஆட்களைக் கூட்டிச்சென்று அறை அறையாகக் காட்டினார். குளியலறைப் பைப் ஒழுகுவதையும் சேர்த்துத்தான். மூன்று மாதமாகச் சொல்லியும் நான் திருத்திக் கொடுக்காத பைப் அது.

ஓய்வுபெற்ற தபால் அதிபர்,
கல்லடி, மட்டக்களப்பு.