சாத்திய யன்னலுக்குப் பின்னால்

ஆசிரியர் அவர்களுக்கு,

1970களில் வெள்ளவத்தையில், மிகக் கண்டிப்பான ஒரு கிறிஸ்தவ சபையில் வளர்ந்தவள் நான். செட்டியார் தெருவிலிருந்து முருகனின் ஆடிவேல் விழா இரதம் காலி வீதி வழியாக வரும் நாளில் அம்மா யன்னல்களைச் சாத்திவிடுவார். இடுக்கால் நான் கண்டதெல்லாம் சிறிது வெளிச்சமும், தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்ற அயல்வீட்டுச் சிறுமியும்தான். பார்த்தது பாவமென்று நம்பி அன்றிரவு முழங்காலில் நின்று அழுதபோது எனக்கு ஒன்பது வயது.

சபையார் அன்பற்றவர்கள் அல்லர். அப்பா நோயுற்றிருந்த மாதங்களில் முறைவைத்துச் சோறு கொண்டுவந்தவர்கள் அவர்களே. ஆனால், பதினேழு வயதில் நான் ஞாயிறு ஆராதனைக்குப் போக மறுத்தபோது, என்னோடு பேசக்கூடாதென்று என் தோழியருக்குக் கட்டளையிட்டவர்களும் அவர்களே. சந்தையில் எதிர்ப்பட்டபோது ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனது இன்னமும் வலிக்கிறது.

இலங்கை 1991இல் ஏற்றுறுதி செய்த ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 14ஆம் உறுப்புரை, வழிகாட்டும் உரிமையைப் பெற்றோருக்கு அளிக்கும் அதேவேளை, பிள்ளையின் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தையும் மதிக்கச் சொல்கிறது. எம்மதத்தவராயினும், விலகிச் செல்லும் இளையோரோடு பேச்சை முறிக்க வேண்டாமென்று மூத்தவர்களைப் பணிவோடு வேண்டுகிறேன்.

வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6.