அந்தப் பெஞ்சைத் திருப்பிப் போடுங்கள்

ஆற்றங்கரைச் சிறு நகரங்களை நிர்வகிக்கும் மேயர்களுக்கும் ஆணையர்களுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் ஊர்க்காரன் இல்லை. உங்கள் ஊரில் எனக்கு ஓட்டும் இல்லை, வீடும் இல்லை. சனிக்கிழமை காலையில் ஒரு தோள்பையோடு வந்து இறங்கி, ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுகிற ஆள். அப்படிப் போய்விட்டு வந்த கையோடு இதை எழுதுகிறேன். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. பெயரை மாற்றிப் போட்டால் இந்த மடல் இன்னும் பத்து ஊர்களுக்குப் பொருந்தும், அதுதான் காரணம்.

என்னைப் போன்றவர்கள் உங்கள் ஊருக்கு ஏன் வருகிறோம் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது எப்போதாவது யோசித்திருக்கிறார்களா, தெரியவில்லை. பார்ப்பதற்கு வருவதில்லை. பெருநகரங்களுக்குப் போனால் பட்டியல் வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், எதையாவது தவறவிட்டோமா என்ற கவலை ராத்திரி தூக்கம் வரை தொடரும். ஆற்றங்கரைச் சிறு நகரத்தில் அந்தத் தொல்லை கிடையாது. அரை நாளில் நடந்தே சுற்றிவிடலாம். வழி தவறினாலும் பயமில்லை, சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம் நடந்தால் ஆறு வந்துவிடும். ஆறு வந்துவிட்டால் ஊர் புரிந்துவிடும். அப்புறம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்குத்தான் வருகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை பத்து மணிவாக்கில் ஆற்றோரம் போனேன். புதிதாகப் போட்ட நடைபாதை, பளிச்சென்ற கல், வரிசையாகப் பன்னிரண்டு பெஞ்சுகள். பன்னிரண்டும் சாலையைப் பார்த்தபடி இருந்தன. ஆற்றுக்கு முதுகு. சாய்ந்து உட்காரும் பெஞ்சுகள் என்பதால் திரும்பி உட்காரவும் வழியில்லை. மூன்றாவது பெஞ்சில் ஒருக்களித்து உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பிக் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தேன், அப்புறம் கழுத்து வலித்தது, சாலையைப் பார்த்தேன். எதிரே வாகனங்கள் நிறுத்தும் இடம். அங்கே ஒருவர் வண்டியைப் பின்னால் எடுக்கப் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இது எப்படி நடந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. வரைபடம் போட்டவர் சாலையிலிருந்து பார்த்துப் போட்டிருப்பார். அந்தத் தாளில் ஆறு ஓரத்தில் போகும் ஒரு நீலப் பட்டை, அவ்வளவுதான். சாலைக்கு அழகு சேர்க்கும் சாமான்களில் பெஞ்சும் ஒன்றாகிவிட்டது. ஆறு எங்கே திரும்பி மறைகிறதோ, அந்தப் பார்வையை ஊர்ப் பெயரின் ஆளுயர எழுத்துகள் மறைத்துக்கொண்டு நிற்பதும் இதே கணக்கில்தான். ஊருக்குள் வந்து நிற்பவனுக்கு ஊர்ப் பெயரை எதற்குக் கூவிச் சொல்ல வேண்டும்?

உட்காருவது சின்ன விஷயமில்லை. வில்லியம் ஒயிட் என்பவர் 1970-களில் நியூயார்க்கின் திறந்த வெளிகளில் கேமராக்களை வைத்து, ஜனங்கள் எங்கே உட்காருகிறார்கள், எவ்வளவு நேரம், எதைப் பார்த்து என்று பொறுமையாகப் பதிவு செய்தார். கட்டடக் கலைஞர்கள் பெருமைப்பட்ட பல மேடைகள் வெறிச்சோடிக் கிடந்தன. உட்கார வசதியான இடம் இருந்த இடத்தில் ஆட்கள் உட்கார்ந்தார்கள். இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டுமா என்று நீங்கள் சிரிக்கலாம், ஆனால் அந்தப் பன்னிரண்டு பெஞ்சுகளைப் பார்த்தால் வேண்டும் என்றுதான் படுகிறது. அவர் கவனித்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடிக்கும். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், உட்காரும் முன் அதைச் சில அங்குலமாவது நகர்த்தி வைத்துவிட்டுத்தான் ஜனங்கள் உட்காருவார்களாம். அந்த நகர்த்தலால் பெரிதாக எதுவும் மாறாது. நம் இடத்தை நாம் தேர்ந்தெடுத்தோம் என்ற நிறைவு வரும்.

அடுத்தது படி. நடைபாதையின் கடைசியில் பழைய கற்படிகள் தண்ணீர் வரை இறங்குகின்றன. இறங்குகின்றன என்று சொல்கிறேனே, இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறது. பூட்டில் துரு. ஞாயிறு காலை அங்கே ஒரு தகப்பனும் ஆறேழு வயதுப் பையனும் நின்றார்கள். பையன் கையில் ஒரு தட்டைக்கல். அது தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போக வேண்டுமானால், கை தண்ணீர் மட்டத்துக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும். மார்பளவுக் கம்பி வேலிக்கு மேலிருந்து எறிந்தால் கல் 'டப்' என்று விழுந்து முழுகும். பையன் மூன்று தடவை எறிந்தான். மூன்றும் டப். அப்புறம் தகப்பனின் செல்போனைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஸ்லோவேனியாவின் தலைநகரமான லியூப்லியானா, தலைநகரம் என்றாலும் சின்ன ஊர்தான். மூன்று லட்சத்துக்குச் சற்றுக் கூடக் குறைய மக்கள். 1842-இல் கட்டிய ஒரு கல்பாலம் நெரிசல் தாங்காமல் போனபோது, யோஷே பிளெச்னிக் என்ற கட்டடக் கலைஞர் அதை இடிக்கவில்லை. இரண்டு பக்கமும் நடப்பவர்களுக்கென்று ஒவ்வொரு பாலம் சேர்த்து, அவற்றிலிருந்து தண்ணீருக்குப் பக்கத்திலுள்ள கீழ்த்தளத்துக்குப் படிகள் இறக்கினார். 1932-இல் வேலை முடிந்தது. இன்னும் கொஞ்சம் மேலே, திர்னோவோ கரையில், கரை முழுவதையும் அகலப் படிகளாக்கி மரங்கள் வைத்தார். உட்காருவதற்கென்று தனியாக எதுவும் செய்யவில்லை, படியே பெஞ்சு. ஆற்றைப் பார்க்காமல் அங்கே உட்காரவே முடியாது.

பாதுகாப்பு என்று நீங்கள் சொல்வீர்கள் என்பது தெரியும். அதை லேசாகத் தள்ள மாட்டேன். ஆறு ஆளைக் கொல்லும். ஆனால் வேலி போட்டுவிட்டுக் கைகழுவுவதற்கும், ஆற்றோடு பழகக் கற்றுக்கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தை ஆரே ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது, வேகமும் அதிகம், குளிரும் அதிகம். கோடையில் ஜனங்கள் கரையோரம் மேல்நோக்கி நடந்து போய், ஆற்றில் இறங்கி, நீரோட்டத்தோடு மிதந்து ஊருக்குள் வருகிறார்கள். கரையில் வரிசையாகப் படிகள், அவற்றில் சிவப்பு வண்ணம் பூசிய கைப்பிடிகள். அதைப் பிடித்து ஏறிவிட வேண்டும், ஏனென்றால் கீழே தடுப்பணை இருக்கிறது. மார்சிலி குளியல் துறைக்குள் போக நுழைவுக் கட்டணமே இல்லை. ஆபத்து எங்கே இருக்கிறது, எங்கே வெளியேற வேண்டும் என்பது அங்கே ஊரறிந்த சங்கதி.

உங்கள் ஊரில் என்ன எழுதி வைத்திருக்கிறது? 'ஆற்றில் இறங்காதீர்' என்று நான்கு இடத்தில். தடுப்பணைக்கு நேர்கீழே தண்ணீர் மடங்கிச் சுழன்று, விழுந்ததை மறுபடி அணைச் சுவரை நோக்கியே இழுக்கும், நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அதில் மாட்டுவார் என்று ஓரிடத்திலும் இல்லை. வளைவின் வெளிக்கரை அரித்து அரித்து ஆழமாகவும் வேகமாகவும் இருக்கும், உட்கரையில் மணல் படிந்து ஆழம் குறைவாக இருக்கும் என்பதும் இல்லை. உட்கரையிலும் காலடி மணல் சரியலாம், அதனால் அங்கேயும் அசட்டையாக இருக்கக் கூடாது. ஆனாலும் படித்துறைக்கு இடம் தேடினால் அந்தப் பக்கம்தான் முதலில் தேட வேண்டும். பொறியாளர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததே. பலகையில்தான் வரவில்லை. எல்லா இடத்துக்கும் ஒரே எச்சரிக்கை வைத்தால் எந்த இடம் நிஜமாக ஆபத்தானது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

சுவிட்சர்லாந்திலேயே இருக்கும் பாசெல் நகரத்தையும் சொல்லிவிடுகிறேன், ஆசை விடவில்லை. அங்கே ரைன் ஆற்றைக் கடக்க நான்கு படகுகள் இருக்கின்றன, ஒன்றிலும் இன்ஜின் கிடையாது. ஆற்றின் குறுக்கே மேலே ஒரு கம்பிவடம், அதிலிருந்து படகுக்கு ஒரு கயிறு. படகைக் கொஞ்சம் சாய்வாகத் திருப்பினால் நீரோட்டமே அதைத் தள்ளி அக்கரை சேர்த்துவிடும். சத்தமே இல்லை. உங்கள் ஆற்றில் அந்த அளவு நீரோட்டம் இல்லாமல் இருக்கலாம், அது வேறு. நான் சொல்ல வருவது, அரை மணிக்கு ஒருமுறை ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகும் அந்த இன்ஜின் படகைப் பற்றி. புரிந்திருக்கும்.

வெள்ளத்தை எப்படிச் சமாளிப்பது என்பது என் வேலை இல்லை, ஆனால் வெள்ளத்தை மறைக்காதீர்கள் என்று கேட்கலாம். ஜெர்மனியில் டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று ஆறுகள் கூடும் பாசாவ், ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊர். அதன் பழைய நகரமன்றச் சுவரில் எந்த வருஷம் வெள்ளம் எவ்வளவு ஏறியது என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். 2013 ஜூனில் தண்ணீர் 12.89 மீட்டரைத் தொட்டது. 1501-க்குப் பிறகு அவ்வளவு வந்ததில்லை. அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கிற யாரும் ஆற்றை அலங்காரப் பொருளாக நினைக்க மாட்டார்கள். படிகளுக்கும் இந்தக் குணம் உண்டு. எத்தனை படி முழுகியிருக்கிறது என்று பார்த்தே ஊரார் ஆற்றின் நிலையைப் படித்துவிடுவார்கள். வெள்ளம் வடிந்தால் சேற்றை வாரிக் கழுவிவிட்டால் படி மறுபடி படிதான். நீங்கள் கரை விளிம்பில் நட்டிருக்கிற வண்ண விளக்குகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா?

அந்த விளக்குகள் சனி ராத்திரி பச்சை, ஊதா, சிவப்பு என்று மாறிக்கொண்டே இருந்தன. ஆறு தெரியவே இல்லை, விளக்குதான் தெரிந்தது. இன்னொன்றையும் யோசியுங்கள். ஆற்றில் பிறக்கும் ஒருநாள் பூச்சிகள் வெளிச்சத்துக்கு ஈர்க்கப்பட்டு, பாலத்தின் தார்ச்சாலையைத் தண்ணீர்ப் பரப்பு என்று நம்பி அதன்மேல் முட்டையிட்டுச் செத்துப்போகின்றன. தாரில் பட்டுத் திரும்பும் ஒளி தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளியைப் போலவே அவற்றுக்குத் தெரிகிறது. மீன்களுக்குப் போக வேண்டிய இரை அது. காலடி தெரியும் அளவுக்குத் தாழ்ந்த மஞ்சள் வெளிச்சம் இருந்தால் எங்களுக்குப் போதும்.

கரையோரச் சாலையை மூடுவது பெரிய வேலை என்பது தெரியும். அமெரிக்காவின் போர்ட்லண்டில் 1974-இல் ஆற்றோர நெடுஞ்சாலை ஒன்றையே மூடி, பிறகு அந்த இடத்தைப் பூங்காவாக்கினார்கள். அதே நாட்டின் சட்டனூகா நகரத்தில் 1891-இல் கட்டி, 1978-இல் வண்டிகளுக்கு மூடிய இரும்புப் பாலத்தைப் பழுதுபார்த்து, 1993-இல் நடப்பவர்களுக்கென்று திறந்தார்கள். உங்களிடம் அவ்வளவு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து பத்து வரை மட்டும் அந்தச் சாலையில் வண்டி வேண்டாம். அதற்கு இரண்டு தடுப்புகளும் ஓர் ஆளும் போதும். கழிப்பறைக்கும் குடிதண்ணீருக்கும் தனியாக மடல் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் எங்களுக்காகச் செய்யச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வியட்நாமின் ஹோய் ஆன் அழகான ஆற்றங்கரை ஊர், 1999-இல் உலகப் பாரம்பரியக் களமானது. இன்று பழைய தெருக்களின் வீடுகளில் பெரும்பாலும் விருந்தாளிகளுக்கான கடைகள். அதே 1999-இல் இத்தாலியில் நான்கு ஊர்களின் மேயர்கள் சேர்ந்து 'நிதான நகரங்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் உள்ள ஊருக்கு அதில் முழு உறுப்பினராக இடமில்லை. சின்னம் நத்தை. அதில் சேருங்கள் என்று சொல்லவில்லை, சின்னத்தைப் பார்த்துச் சபை உறுப்பினர்கள் என்ன சொல்வார்களோ. ஊர்க்காரர்கள் தினமும் வந்து உட்காரும் கரையில் எங்களுக்கும் ஓரமாக இடம் கிடைத்தால் போதும். எங்களுக்காக மட்டும் கட்டிய கரையில் உங்கள் ஊர்க்காரர்கள் வர மாட்டார்கள். கொஞ்ச நாளில் நாங்களும் வர மாட்டோம்.

அடுத்த தடவை வரும்போது எல்லாம் மாறியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. படிக்கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். நான் கேட்டபோது மூன்று பேர் மூன்று துறையைக் கைகாட்டினார்கள். அதுவரைக்கும் அந்த மூன்றாவது பெஞ்சை மட்டுமாவது திருப்பிப் போடுங்கள். காலுக்கு ஒன்றாக நான்கு போல்ட்டுகள்தான். குனிந்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டு நாள் விருந்தாளி