கண்ணாடி பாட்டில் ஒன்றை வண்டியில் போட்டு வை

மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முதல் பத்தியில் முழங்கால் வலி என்று புலம்பிவிட்டு, அடுத்த பத்தியிலேயே ஆளரவமற்ற பாதையில் மூன்று வாரம் வண்டி ஓட்டப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். உன் டாக்டரிடம் இந்த இரண்டாவது சேதியைச் சொன்னாயா? இங்கே எல்லாரும் சுகம். எனக்குக் கண்புரை எடுத்தாயிற்று. இரவில் எதிரே வரும் விளக்கு இப்போது பூவாணம் மாதிரி சிதறுவதில்லை. சின்னவள் வேலைக்குப் போய்விட்டதால் வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. கடிதம் நீளும், பொறுத்துக்கொள்.

புது வண்டியில் கூடுதலாக ஒரு டீசல் ஃபில்டர் மாட்டலாமா, இரண்டா என்று கேட்டிருந்தாய். அதைக் கடைசியில் பேசுவோம். அதற்கு முன்னால் என் வண்டி படுத்த கதையை முழுசாகக் கேள். அன்றைக்கு உன்னிடம் பாதியைத்தான் சொன்னேன், வெட்கம்.

பொழுது சாயும் நேரம். டேங்கில் கால்வாசிதான் இருந்தது. அடுத்த பங்க் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் வீட்டு வாசலில் நின்ற பேரலிலிருந்து டீசல் கொடுத்தார். பேரல் வெட்டவெளியில் நட்டமாக நின்றது. மேல்மூடியைச் சுற்றி மழைத்தண்ணீர் குளம் கட்டியிருந்தது. அதைக் கண்ணால் பார்த்தேன் மாப்ள! பகலில் சூடேறி உள்ளே விரிகிற காற்று, இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, மூடியின் இடுக்கு வழியாக அந்தக் குளத்தை உள்ளே இழுத்துவிடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூடி இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். அறுபது லிட்டர் ஊற்றினேன்.

மறுநாள் காலை வண்டி சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது. இருபது கிலோமீட்டர் போனதும் மஞ்சள் விளக்கு, ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று சொல்லும் அந்த விளக்கு. வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, சென்சார் கோளாறாக இருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு இன்னும் முப்பது கிலோமீட்டர் ஓட்டினேன். பிறகு மிஸ்ஸிங் அடித்தது, மேட்டில் இழுக்கவில்லை, கடைசியில் நின்றேவிட்டது. மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றிக் காட்டியபோது அடியில் மினுமினுவென்று இரும்புத்தூள். டீசலை அழுத்தி அனுப்பும் ஹை பிரஷர் பம்ப் தன்னையே தின்றிருக்கிறது. அந்தத் தூள், அழுத்திய டீசல் நிற்கும் ‘ரயில்’ என்கிற குழாய்க்குப் போய், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நான்கையும் கெடுத்து, ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கும் திரும்பியிருந்தது. பம்ப், ரயில், இன்ஜெக்டர் எல்லாம் புதிது, டேங்க் கழுவல். அந்தச் செலவில் நீயும் நானும் விமானத்தில் போய் வந்திருக்கலாம்.

உன் பழைய வண்டியை வைத்து இதை எடைபோடாதே. அது எதைக் குடித்தாலும் ஓடும். அந்தக் குலமே அப்படி. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். 1997-இல், எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே ரயில் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரயில் முறை கார்களுக்குள் வந்த பிறகு கதை மாறிவிட்டது. இப்போது நீ வாங்கியிருக்கும் வண்டியில் டீசல் 1,600 முதல் 2,000 பார் வரை, அதாவது காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய அத்தனை மடங்கு அழுத்தத்தில் பாய்கிறது. இன்ஜெக்டருக்குள் பாகத்துக்கும் பாகத்துக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் என்று வைத்துப் பார். அந்தப் பம்புக்குத் தனியாக ஆயில் கிடையாது, டீசலேதான் அதற்கு ஆயில். நடுவில் தண்ணீர் வந்தால் இரும்பும் இரும்பும் உரசும். இன்ஜெக்டரின் மூக்கான நாசில் நுனி வரை போன தண்ணீர் சூட்டில் சட்டென ஆவியாகி நுனியையே உடைத்துவிடும். மண்ணெண்ணெய்க் கலப்படமும் டீசலின் வழுவழுப்பைத்தான் குறைக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், டேங்குக்குள் போவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். வாயகன்ற கண்ணாடி பாட்டில் ஒன்றை வண்டியில் போட்டு வை. சந்தேகமான இடத்தில் முதலில் அதில் பிடித்துக் கால்மணி நேரம் ஆடாமல் வை. ஒரு லிட்டர் டீசல் 820 முதல் 850 கிராம்தான் இருக்கும், தண்ணீர் ஒரு கிலோ. தண்ணீர் இருந்தால் அடியில் கோடு கிழித்த மாதிரி தனியாக நிற்கும். கசடும் அடியில் படியும். கோடு தெரியாமல் டீசல் முழுக்க மங்கலாக இருந்தால் தண்ணீர் பொடிப்பொடித் துளிகளாக அதில் கலந்திருக்கிறது என்று அர்த்தம், அதுதான் மோசம். கடுங்குளிரில் மெழுகு திரண்டும் மங்கலாகும். வெயிலில் வைத்துப் பார், தெளிந்தால் அது பெரும்பாலும் மெழுகு. முகர்ந்தும் பார். பெட்ரோல் வாடை அடித்தால் ஊற்றாதே. தவறி ஊற்றிவிட்டால் சாவியைக்கூடப் போடாதே, பல வண்டிகளில் சாவி போட்டதும் டேங்கில் இருக்கும் பம்ப் ஓடத் தொடங்கிவிடும்.

பேரலில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் குழாயை அடிவரை விடாதே. கடைசி நான்கு விரல் ஆழத்தை அவர்களுக்கே விட்டுவிடு. பேரலை உருட்டிக்கொண்டு வந்த உடனே வாங்காதே, ஒரு டீ குடித்துவிட்டு வா. பங்கிலும் இதே கதைதான்: டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருந்தால் அடியில் கிடக்கும் கசடெல்லாம் மேலே கிளம்பியிருக்கும், போய்க்கொண்டே இரு. லாரிக்காரர்கள் வரிசை கட்டும் இடத்தில் டீசல் தேங்கிக் கிடப்பதில்லை. பாதி டேங்குக்குக் கீழே இறங்க விடாதே. காலி இடம் அதிகமானால் இரவில் உள்ளே வியர்க்கும். கேனில் எடுத்துப் போவதானால் துத்தநாகம் பூசிய தகரக் கேன் வேண்டாம், டீசலும் துத்தநாகமும் சேராது.

வலை வைத்த புனல் ஒன்று விற்கிறார்கள், தண்ணீரை விடாமல் டீசலை மட்டும் இறக்கும். நான் வைத்திருக்கிறேன், நல்ல சாமான். மெதுவாகத்தான் இறங்கும், பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள். அடியில் தேங்கும் கடைசி மடக்கை டேங்கில் கவிழ்த்துவிடாதே, தண்ணீர் அதில்தான் இருக்கும். டீசலோடு கலந்துபோன தண்ணீரை மட்டும் அந்த வலையால் பிடிக்க முடியாது. தண்ணீரை டீசலில் கரைத்துவிடும் மருந்து என்று பாட்டிலில் ஒன்று கொடுப்பார்கள், அதை வாங்காதே. கரைந்த தண்ணீர், ஃபில்டரில் தண்ணீரைப் பிரிக்கும் செப்பரேட்டருக்குத் தப்பி நேரே பம்புக்குப் போகும்.

இனி உன் ஃபில்டர். ஒன்று போதும். டேங்குக்கும் கம்பெனி ஃபில்டருக்கும் நடுவே, 30 மைக்ரானுக்கு மேற்பட்ட தூசியைப் பிடிப்பதாக, அடியில் தண்ணீர்க் கிண்ணமும் டிரெய்ன் திருகும் உள்ளதாக. குனியாமல் கை எட்டும் இடத்தில் மாட்டச் சொல், உன் முழங்காலை நினைத்துத்தான் சொல்கிறேன். கம்பெனி ஃபில்டருக்குப் பிறகு 2 மைக்ரானில் இன்னொன்று என்று உன் மெக்கானிக் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. அது அடைத்தால் பம்ப் பட்டினி கிடக்கும். உறிஞ்சும் பக்கத்தில் ஒவ்வொரு புது இணைப்பும் காற்று புகும் வாசல்தான். டீசல் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும், ஓட்டை எங்கே என்று தேடித் தேடி அலைவாய். மாட்டியபின் பக்கத்திலேயே ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பு. வாரன்ட்டிக்குப் பாதகம் வருமா என்றும் கேட்டுக்கொள்.

ஸ்பேர் ஃபில்டர் குறைந்தது இரண்டு எடுத்துக்கொள், கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கோடு. மோசமான டீசல் ஒரே நாளில் ஒரு ஃபில்டரை அடைத்துவிடும். மாற்றுவதையும், ஹேண்ட் பிரைமர் என்கிற கைப்பம்பை அடித்து டீசல் லைனில் புகுந்த காற்று எடுப்பதையும் வீட்டு வாசலில் ஒருமுறை உன் கையாலேயே செய்து பார்.

மஞ்சள் விளக்கு எரிந்தால் அந்த நிமிடமே ஓரங்கட்டு. டிரெய்ன் திருகைத் தளர்த்தி உன் கண்ணாடி பாட்டிலில் பிடி. சுத்தமான டீசல் வரும்வரை விடு, பிறகு இறுக்கு. மறுபடியும் உடனே விளக்கு வந்தால் ஃபில்டரோடு தீராது, டேங்கில் தண்ணீர் நிறைய இருக்கிறது, டேங்கையே காலி செய்ய வேண்டும். வடித்ததைத் தரையில் ஊற்றாதே, கேனில் கொண்டு வா.

திரும்பி வந்ததும் வண்டியை மாதக்கணக்கில் அப்படியே நிறுத்திவிடாதே. அடியில் தண்ணீர் இருந்தால் அது டீசலைத் தொடும் இடத்தில் பூஞ்சை பிடித்துக் கறுப்புக் கூழாகிவிடும்.

இன்னொன்று. என் ஃபில்டர் ரெஞ்ச் உன்னிடம்தான் இருக்கிறது. இல்லை என்று சொல்லாதே, நீ வீடு மாறிய வாரம் வாங்கிக்கொண்டு போனாய். தேடி எடுத்து வண்டியில் போட்டுக்கொள். வந்ததும் நேரில் கொண்டு வந்து கொடு, பாதையைப் பற்றி அப்போது கேட்டுக்கொள்கிறேன்.

உன்
மச்சான்