ஃபிளாட் வருவதற்கு முன்னால் நம் தெருவை அளப்போம்

எல்லோருக்கும் வணக்கம். ஜார்ஜ் டவுனில் பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டும் பேச்சு நம் தெருக்களுக்கும் வந்துவிட்டது, அதனால் வேண்டும் வேண்டாம் என்று குழுவில் மோதிக்கொள்வதற்கு முன்னால், இந்த இடம் அதைத் தாங்குமா என்று நாமே பார்த்து எழுதி வைப்போம்.

புதிதாக ஆட்கள் குடிவருவது நல்லது என்றுதான் நினைக்கிறேன். மண்ணடியிலும் உயர் நீதிமன்றத்திலும் 2019 முதல் மெட்ரோ நிற்கிறது, கடற்கரை ரயில் நிலையம் பக்கம், கொத்தவால் சாவடி சந்தை 1996இல் கோயம்பேடு போன பிறகும் இங்கே மொத்த வியாபாரத்துக்குக் குறைவில்லை. வேலை இருக்கும் இடத்திலேயே வீடும் இருந்தால் எவ்வளவு அலைச்சல் மிச்சம்!

ஆனால் கழிவுநீர்க் குழாய்? ஒரு குடும்பம் இருந்த மனையில் எட்டு வீடு வந்தால் அத்தனையும் அதே குழாயில்தான் போகும். எந்த மேன்ஹோல் மழை இல்லாத நாளிலும் பொங்குகிறது என்று தேதியோடு படம் போடுங்கள். தெரு அகலத்தை மிகக் குறுகலான இடத்தில் அளக்க வேண்டும், அதுவும் லோடு இறங்கும் நேரத்தில், ஏனென்றால் தீயணைப்பு வண்டி அந்த நேரத்திலும் வரவேண்டியிருக்கும்.

அப்புறம் முக்கியமானது, பல வருடமாக வாடகைக்கு இருப்பவர்கள், குடோன் தொழிலாளர்கள். இடித்தால் அவர்கள் எங்கே போவார்கள்? அவர்களிடமும் பேசிவிட்டு வாருங்கள்.

சனிக்கிழமை காலை அளக்கலாம். வரக்கூடியவர்கள் தெருப் பெயரோடு பதில் போடுங்கள், டேப் இருந்தால் எடுத்து வாருங்கள்.