ஞாயிறு காலை கண் அழுத்தப் பரிசோதனை

அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு காலை 9 முதல் 1 மணி வரை, அம்மாப்பேட்டையில் உள்ள நம் சங்க அறைக்குக் கண் மருத்துவர் வருகிறார். கிளாகோமா, அதாவது கண் நீர் அழுத்த நோய் இருக்கிறதா என்று பார்ப்பார். கட்டணம் இல்லை.

கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரியாக வடியாவிட்டால் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகும். பெரும்பாலும் வலியே இருக்காது. முதலில் போவது பக்கவாட்டுப் பார்வை. என் அப்பா அடிக்கடி கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். போன பார்வை திரும்பவில்லை. மிச்சத்தைத்தான் சொட்டு மருந்தால் காப்பாற்றி வருகிறோம்.

1. 40 வயது தாண்டியவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் தவறாமல் வாருங்கள்.
2. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் வயது பார்க்காமல் வாருங்கள். நெடுநாளாக ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்களும்தான்.
3. பழைய கண்ணாடி, மருந்துச் சீட்டு எடுத்து வரவும்.
4. கண்ணில் சொட்டு விட்டால் சில மணி நேரம் மங்கலாகத் தெரியும். வண்டி ஓட்டி வர வேண்டாம்; துணைக்கு ஒருவர் வரட்டும்.

அப்புறம் ஒன்று. திடீரென்று கண் சிவந்து கடும் வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் என்றால் ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள். உடனே அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வருபவர்கள் பெயர், வயது, கதவு எண்ணை வெள்ளி இரவு 8 மணிக்குள் இங்கே பதிவிடவும். கைப்பேசி இல்லாத பெரியவர்களுக்குப் பக்கத்து வீட்டார் பதிவு செய்து கொடுங்கள்.